பேக் பட்டனை அழுத்தியவர் போய்விடவில்லை

1. பத்து மணி ஸ்லாட்

கிள்ளானில், பண்டமாரான் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் டெப்போ. அங்கே எங்கள் புக்கிங் ஆப் முதன்முதலாக ஓடிய காலையில், சேகர் என்ற லோரி ஓட்டுநர் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தங்கச்சி, பத்து மணி ஸ்லாட் எனக்குக் கெடச்சிச்சா இல்லையா?"

"கெடச்சிருக்கு அண்ணே. பச்சையா காட்டியிருக்குமே."

"காட்டிச்சு. கண்டெய்னர் நம்பர்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சிட்டேன். சரி பண்ணலாம்னு பேக் அமுக்குனேன். எல்லாம் காணாம போச்சு. திரும்ப உள்ள போய்ப் பாத்தா பத்து மணி ஃபுல்லுங்குது. என் இடத்த யாரு எடுத்தது? நான் இங்கதானே நிக்கிறேன்!"

டெப்போ என்பது காலி கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் இடம். லோரிகள் அவற்றை எடுக்க வரும், அல்லது திருப்பி விட வரும். ஒரு மணி நேரத்தில் இத்தனை லோரிதான் உள்ளே போகலாம் என்று கேட்டில் வரம்பு உண்டு; அந்த மணிக்கு ஒரு லோரிக்கான இடம்தான் ஸ்லாட். முன்பு ஓட்டுநர் லோரியை விட்டு இறங்கி, கவுண்டரில் வரிசையில் நின்று சீட்டு வாங்குவார். அதைக் கைப்பேசிக்கு மாற்றுவது எங்கள் வேலை. எங்கள் ஆப்பில் மூன்று திரைகள்: நேரத்தைத் தேர்ந்தெடுப்பது, லோரி எண்ணையும் கண்டெய்னர் எண்ணையும் தட்டுவது, சரிபார்த்து உறுதி செய்வது. நேரத்தைத் தேர்ந்தெடுத்த உடனேயே சர்வர் அந்த இடத்தை அவருக்காகப் பிடித்து வைக்கும். அதை ஹோல்ட் என்போம்.

சேகர் அண்ணன் பிடித்து வைத்திருந்த இடம் போய்விட்டது. அவருக்கு மட்டுமல்ல, பேக் பட்டனை அழுத்திய எல்லோருக்கும். ஸ்லாட் இல்லாத லோரிகள் கேட்டைத் தாண்டிச் சாலைவரை நின்றன. ஹார்ன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. டெப்போவின் ஆப்பரேஷன்ஸ் மேனேஜர் பத்மா மேடம், பச்சை நிற சேஃப்டி வெஸ்ட்டோடு வெளியே வந்தார்.

"நளினி, உங்க ஆப் நல்லா அழகா இருக்கு. அழக வச்சி நான் என்ன பண்றது? ரோட்ட பாருங்க. இப்ப நான் கவுண்டரத் தொறக்குறேன். அடுத்த திங்கள் இன்னொரு தடவ ட்ரை பண்ணுவோம். அன்னிக்கும் இப்படின்னா சாரி லா, ஹெட் ஆபீஸ்ல வேணாம்னு சொல்லிடுவேன்."

என்னோடு சேர்ந்து அந்த ஆப்பை எழுதிய இர்ஃபான் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அது ஒரு மோசமான காலை, அவ்வளவுதான். அவருக்கு அப்படியில்லை. பத்மா மேடம் அந்த 'வேணாம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், இர்ஃபான் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

2. எதிர் மேசை

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. சின்ன அறை. என் மேசைக்கு எதிர் மேசை இர்ஃபானுடையது. திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். வேலைப் பெர்மிட்டில் வந்திருந்தார். திரையில் தெரிவதை நான் எழுதுவேன், சர்வரில் நடப்பதை அவர் எழுதுவார். இரண்டும் சேருமிடத்தில் இரண்டு பேரும் சண்டை போடுவோம்.

வந்த புதிதில் அவருக்கு எங்கள் மலேசியப் பேச்சு ஒரு புதிராக இருந்தது, அதிலும் வாக்கியத்தின் கடைசியில் நாங்கள் சும்மா ஒட்டுகிற 'லா'.

"இந்த 'லா'வ எங்க போடணும்னு ஒரு ரூல் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். நான் பட்டியல் போடுகிறவள். உண்மையிலேயே எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் போய், "பாஸ் லா, ரசம் ஒண்ணு" என்றார். பரிமாறுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ரூல்ல பக் இருக்கு" என்றார் இர்ஃபான்.

அந்த மோசமான காலைக்கு முந்தைய வாரம், எங்கள் முதலாளி மிஸ்டர் தேவன் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அறை சின்னது என்பதால் எனக்கும் கேட்டது.

"நான் ஒளிச்சிப் பேச மாட்டேன், இர்ஃபான். பெர்மிட் ரினியூ பண்ணணும்னா கம்பெனி கையில ஓடுற கான்ட்ராக்ட் ஒண்ணு இருக்கணும். டெப்போ சைன் பண்ணட்டும், மறுநாளே ஃபார்ம் போட்டுடுறேன்."

"சைன் பண்ணலன்னா, பாஸ்?"

"அதான் பண்ண வைக்கப் போறீங்களே, ரெண்டு பேரும்."

அன்று மாலை வழக்கம்போல இர்ஃபான் என்னோடு கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வரை நடந்து வந்தார். நான் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் பிடிப்பேன். அவர் தங்கியிருந்த அறை எதிர்ப்பக்கம். ஆனாலும் அந்த வழியில் வருவதற்கு அவருக்குத் தினமும் ஒரு காரணம் இருக்கும். பிசாங் கோரெங், அதாவது பொரித்த வாழைப்பழம், வாங்க வேண்டும். போனுக்கு டாப்-அப் போட வேண்டும். ஏடிஎம் போக வேண்டும். மழை வரும் போலிருக்கிறது, குடை தன்னிடம்தான் இருக்கிறது. நான் ஒரு காரணத்தையும் விசாரித்ததில்லை. பெர்மிட் பற்றி அன்று இருவருமே பேசவில்லை. டிக்கெட் கேட் அருகே நின்று, "டெப்போகாரங்க சைன் பண்ணிருவாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். "பண்ணுவாங்க லா" என்றேன். "இந்த இடத்துல 'லா' சரியா விழுந்திருக்கு" என்றார்.

3. யாருடைய பட்டன்

டெப்போவிலிருந்து திரும்பியதும் முதலில் அந்தத் தவற்றை எங்கள் கண்ணால் பார்க்க முயன்றோம். பார்க்க முடியவில்லை. நான் எத்தனை முறை பின்னால் போனாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு இர்ஃபான் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார்.

"நீங்க எத அமுக்குறீங்க?"

"இந்த அம்புக்குறி. நான்தான் வரைஞ்சேன்."

"அவங்க அத அமுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியின் சொந்த பேக் பட்டனை அழுத்தினார். ஆப் மொத்தமாக மூடிக்கொண்டது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆப் கைப்பேசியின் பிரௌசருக்குள் ஓடுவது. நமக்கு அவை மூன்று திரைகள். பிரௌசருக்கோ அது ஒரே பக்கம், ஏனென்றால் நாங்கள் மூன்றுக்கும் ஒரே முகவரிதான் கொடுத்திருந்தோம். பேக் என்றால் பிரௌசருக்குத் தெரிந்ததெல்லாம் இதற்கு முந்தைய முகவரிக்குப் போவதுதான். சேகர் அண்ணன் மூன்றாவது திரையிலிருந்து இரண்டாவதுக்குப் போக நினைத்தார். பிரௌசர் அவரை ஆப்பைவிட்டே வெளியே கொண்டுபோய் விட்டது. அவர் தட்டிய எண்கள் அந்தப் பக்கத்தின் நினைவில் மட்டுமே இருந்தன. பக்கம் மூடியதும் அவையும் போயின.

இன்னொன்றும் இருந்தது. யாராவது பக்கத்தைவிட்டு வெளியேறினால் அவருடைய ஹோல்டை உடனே விடுவிக்கும்படி எழுதியிருந்தோம். போகிறவர் இடத்தை அடைத்துக்கொண்டு போகக் கூடாது அல்லவா? நல்ல பழக்கம் என்று நினைத்துத்தான் செய்தோம்.

மிஸ்டர் தேவன் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சிம்பிள் லா. பேக் பட்டனையே ப்ளாக் பண்ணிடுங்க."

"அது நம்ம பட்டன் இல்ல, பாஸ்" என்றார் இர்ஃபான். "அவங்க போனோட பட்டன்."

"அப்ப ஒரு மெசேஜ் போடு. 'பேக் அமுக்காதீங்க'ன்னு. செவப்புல, பெருசா."

"லோரிக்காரங்ககிட்ட ரிவர்ஸ் போடாதீங்கன்னு சொல்றீங்களே, பாஸ்" என்றேன் நான். அவர் சிரித்துக்கொண்டே காப்பி குடிக்கப் போய்விட்டார்.

4. பெஞ்ச்

ஆப்பின் நிரலில், அதாவது கோடில், கை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க டெப்போவில் உட்கார்ந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பழைய கவுண்டர் திறந்திருந்தது. கவுண்டருக்கு எதிரே துத்தநாகத் தகரக் கூரை, அதன் கீழ் ஒரு நீளமான மரப் பெஞ்ச். பெஞ்சில் நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுநடுவே ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு ஜோடி செருப்பு, மடித்த செய்தித்தாள், மஞ்சள் நிற சேஃப்டி ஹெல்மெட் ஒன்று.

இர்ஃபான் உட்கார இடம் தேடினார். பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

பெஞ்ச் முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது.

"ஓய் தம்பி! வை, வை!"

"எடுத்த எடத்துலயே வை!"

சேகர் அண்ணன் எழுந்து வந்து பாட்டிலைத் தரையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, பெஞ்சில் வைத்தார்.

"தம்பி, அது பாட்டில் இல்ல. ஆளு."

"ஆளா?"

"முருகன். டயர் பாக்கப் போயிருக்கான். அவன் எனக்கு முன்னாடி."

இர்ஃபான் செருப்பைக் காட்டினார். "அப்ப இது?"

"அது அஹ்மாட். டாய்லெட் போயிருக்கான்."

"வெறுங்காலோடயா?"

"லோரியில வேற ஜோடி வச்சிருப்பான். இது வரிசைச் செருப்பு."

"சரி, இந்த ஹெல்மெட் யாருண்ணே?"

சேகர் அண்ணன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"அது சும்மா ஹெல்மெட்டு. எவனோ மறந்துட்டுப் போயிட்டான். போன மாசத்துலேர்ந்து வரிசையில நிக்குது, பாவம், இன்னும் முறை வரல."

இர்ஃபான் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று நாங்கள் பார்த்தது இதுதான். எண் தப்பாக இருந்தால் கவுண்டரில் இருக்கும் பெண் சீட்டைத் திருப்பிக் கொடுப்பாள். ஓட்டுநர் ஒதுங்கி நின்று, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடித்துத் திருத்திக்கொண்டு நேராகக் கவுண்டருக்குப் போவார். யாரும் அவரைக் கடைசிக்கு அனுப்பவில்லை. இடையில் ஒருவர் தேநீர் குடிக்கப் போனார், ஒருவர் போன் பேச வெளியே போனார். திரும்பி வந்து பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வரிசை கலையவே இல்லை.

டயர் பார்க்கப் போன முருகன் வந்தார். தன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு இர்ஃபானைப் பார்த்து, "நீங்கதான் என்னைத் தூக்கித் தரையில போட்டீங்களாமே?" என்றார்.

இர்ஃபான் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"நம்ம கோடும் இதத்தாங்க பண்ணுது. பாட்டில எடுத்துக் கீழ போடுது."

5. நான்கு மாற்றங்கள்

அந்த வாரம் எழுதியதை இங்கே வரிசையாகக் கொடுக்கிறேன். இன்றும் புதிய திட்டம் எதுவானாலும் இந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறேன்.

ஒன்று. ஒவ்வொரு திரைக்கும் தனி முகவரி. மூன்றில் பேக் அழுத்தினால் இரண்டுக்கும், இரண்டில் அழுத்தினால் ஒன்றுக்கும் போக வேண்டும். பயனர் எதை ஒரு அடி என்று நினைக்கிறாரோ, பிரௌசருக்கும் அது ஒரு அடியாக இருக்க வேண்டும்.

இரண்டு. தட்டியதைப் பக்கத்தின் நினைவில் மட்டும் வைக்காமல், தட்டத் தட்ட சர்வரில் சேமிப்பது. வாட்ஸ்அப்பில் எண்ணைப் பார்க்கப் போய்விட்டு வருவதற்குள் பழைய கைப்பேசிகள் நம் பக்கத்தை மூடிவிடும். திரும்பி வரும்போது எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்று. பக்கத்தைவிட்டு வெளியேறினால் ஹோல்டை விடுவிக்கும் வரியை எடுத்துவிட்டோம். பின்னால் போகிறவர் போய்விட்டார் என்று அர்த்தமில்லை. 'எனக்கு இந்த இடம் வேண்டாம்' என்று அவரே அழுத்தினால் விடுவிக்கலாம். அல்லது நேரம் முடிந்தால் விடுவிக்கலாம்.

நான்கு. உறுதி செய்தபின் பேக் அழுத்தினால் மறுபடியும் உறுதி செய்யும் திரை வரக் கூடாது. வந்தால், சந்தேகத்தில் இன்னொரு முறை அழுத்துவார்கள், இரண்டு ஸ்லாட் ஆகிவிடும். அதனால் பிரௌசரின் வரலாற்றில் அந்தத் திரைக்குப் பதிலாகச் சீட்டையே வைத்தோம். இது இர்ஃபானின் யோசனை. "முடிஞ்ச காரியத்துக்குப் பின்னாடி போனா, முடிஞ்சது முடிஞ்சதாத்தான் தெரியணும். மறுபடி பண்ணவான்னு கேக்கக் கூடாதுங்க" என்றார்.

மூன்றாவதில்தான் பெரிய வாக்குவாதம். எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது? பத்மா மேடம் போனில், "அஞ்சு நிமிஷம் போதும் லா, அதுக்கு மேல எதுக்கு?" என்றார். நான் நேர்மாறு. அவர் திரும்பி வரும்வரை பிடித்து வைக்கலாம், அதில் என்ன நஷ்டம் என்று கேட்டேன். இர்ஃபான் என் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிற்கவில்லை.

"ஹெல்மெட்ட மறந்துட்டீங்களா, நளினி?"

"அது மறந்துட்டுப் போனது. எல்லாரும் அப்படியா?"

"எது மறந்துட்டுப் போனது, எது திரும்பி வர்றதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? வராதவருக்கு இடத்தப் புடிச்சி வச்சிக்கிட்டே இருந்தா, பின்னாடி நிக்கிறவன் பாவம்ல. இடத்த விட்டுத்தான் ஆகணும். ஆனா அவர் எழுதுனத அழிக்கக் கூடாது. லேட்டா வந்தாலும் வேற டைம் எடுத்தா போதும், முதல்லேர்ந்து எழுத வேண்டியதில்லன்னு இருக்கணும்."

அவர் சொன்னது சரி. கால் மணி நேரம் என்று முடிவானது. அது முடிவதற்கு முன் ஆப் ஒரு கேள்வி கேட்கும்: 'இன்னும் இருக்கிறீர்களா?' ஆமாம் என்று தட்டினால் இன்னொரு கால் மணி நேரம். பதில் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. தட்டிய எண்கள் அப்படியே இருக்கும். கேள்வியை நான் எழுதினேன். ஹோல்டை விடுவிக்கும் பகுதியை அவர் எழுதினார். அதற்கு மேலே ஒரு குறிப்பையும் தமிழிலேயே எழுதி வைத்தார்: இது பாட்டில் இல்ல, ஆளு.

மிஸ்டர் தேவன் அதைப் பார்த்துவிட்டு, "கமெண்ட்ட இங்கிலீஷ்ல எழுதுங்கப்பா, நாளைக்கு வேற ஒருத்தர் படிக்கணும்ல?" என்றார்.

"படிக்கிறவங்க உங்ககிட்ட வந்து கேக்கட்டும், பாஸ். கதை சொல்லுங்க" என்றார் இர்ஃபான்.

6. கையெழுத்து

திங்கட்கிழமை சேகர் அண்ணன் எங்களுக்காகவே காத்திருந்தார். வந்ததும் சோதனை செய்ய ஆரம்பித்துவிட்டார்.

"இந்தா பாரு, அமுக்குறேன். இருக்கு. திரும்ப அமுக்குறேன். இன்னும் இருக்கு! இரு, போன ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்." பண்ணினார். "அட, இருக்கு தங்கச்சி! இந்த மாதிரி ஒண்ண வீட்டுக்கும் போட்டுக் குடு. நான் வெளிய போய்ட்டு வர்றதுக்குள்ள என் நாற்காலியில எவனாச்சும் உக்காந்துக்கிறான்."

அன்று சாலையில் ஒரு லோரியும் நிற்கவில்லை. மத்தியானம் பத்மா மேடம் எங்களுக்கு ஐஸ் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "நான் ஓகே போட்டு அனுப்பிட்டேன். இனிமே ஹெட் ஆபீஸ் சைன் பண்ணணும். அது என் கையில இல்ல, ஆனா பண்ணிடுவாங்க."

பண்ணவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. மிஸ்டர் தேவன் தினமும் போன் செய்தார். நானும் இர்ஃபானும் வேறு வேலைகளைப் பார்த்தோம். மாலையில் நடந்து வரும்போது அவர் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார். சும்மா கூட வந்தார். நடக்கும் வேகம் மட்டும் குறைந்தது.

கையெழுத்து வருவதற்குள் பெர்மிட் முடியும் நாள் வந்துவிட்டது.

"ஊருக்குப் போய் ஒரு ரெஸ்ட் எடு. சைன் ஆன அன்னிக்கே புது ஃபார்ம் போட்டு உன்னைக் கூப்பிட்டுக்கிறேன்" என்றார் மிஸ்டர் தேவன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைத்ததைத்தான் சொன்னார்.

விமான நிலையத்துக்குப் போகும் ரயிலும் கேஎல் சென்ட்ரலிலிருந்துதான் கிளம்புகிறது. அன்று இர்ஃபானுக்கு உண்மையிலேயே அந்த வழியில் வேலை இருந்தது. பெட்டியை அவர் இழுத்துக்கொண்டு வந்தார். குடை என்னிடம் இருந்தது. மழை இல்லை. பூக்கடைகளைத் தாண்டும்போது, "இந்த வாசன எங்க ஊர்லயும் உண்டு. ஆனா இந்தப் பக்கம் வந்தா ஆபீஸ் ஞாபகம்தான் வருது" என்றார்.

டிக்கெட் கேட் அருகே நின்றோம்.

"உங்க பாட்டில மேசையிலேயே மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க" என்றேன். நீல நிறப் பாட்டில். அவர் வந்த வாரம் கீழே உள்ள கடையில் வாங்கியது.

"மறக்கல."

எனக்குப் புரிந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்வதற்கு ஒரு பட்டியலே இருந்தது. ஆனால் அவருடைய ரயில் ஒரு பக்கம், என்னுடையது இன்னொரு பக்கம்.

"போயிட்டு வரேங்க" என்றார்.

"வாங்க" என்றேன்.

7. இன்னும் இருக்கிறீர்களா

டெப்போ கையெழுத்துப் போட்டது. மிஸ்டர் தேவன் சொன்னபடியே மறுநாள் ஃபார்ம் போட்டார். அதற்கும் பல மேசைகள். இதற்கிடையில் இர்ஃபானும் நானும் முதலில் தினமும், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு ஏதாவது பண்டிகைக்கு என்று பேசினோம். நான் அவருடைய மேசையில் யாரையும் உட்கார விடவில்லை. விருந்தாளி வந்தால் என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் நின்றேன். துப்புரவு செய்ய வரும் அக்கா பாட்டிலை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பார். ஒருநாள் அவரே, "இது யாருக்கும்மா காத்திருக்கு?" என்று கேட்டார்.

பெர்மிட் அனுமதி வந்தது. மிஸ்டர் தேவன் கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்து என்னிடம்தான் முதலில் காட்டினார். நான் கைகழுவும் இடத்துக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து இர்ஃபான் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"நளினி, நான் சென்னையில ஒரு கம்பெனில சேந்துட்டேன். பாஸ்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் ஒரு நாள் ஆச்சு."

"பெர்மிட் வந்திருச்சே."

"வந்திருச்சு. ஒரு வருஷத்துக்கு. அப்புறம் மறுபடி ஒரு டெப்போ, மறுபடி ஒருத்தர் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் யாராச்சும் சைன் பண்ணாத்தான் நான் இருக்க முடியும்னா, எதையும் ஆரம்பிக்கவே முடியல. எதையும்." நான் எதிர் மேசைப் பாட்டிலைப் பார்த்தேன். "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பாட்டில எடுத்துருங்க. யாராச்சும் உக்காரட்டும்."

சரி என்றேன். ஆனால் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச காலம் அது அங்கேயே இருந்தது, அந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் போல.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. எந்த வரியை யார் எழுதினார் என்று கோடுக்குப் பக்கத்திலேயே பெயர் காட்டும். அந்த வரியில் வேறு யாராவது கை வைத்தால், ஒரு இடைவெளியை நகர்த்தினாலும் போதும், பெயர் மாறிவிடும். ஹோல்ட் பற்றிய அந்தக் கோப்பில் இடைவெளிகள் ஒழுங்காக இல்லை. நான் எல்லாக் கோப்புகளையும் சீராக அடுக்கி வைக்கிறவள். ஒரே ஒரு கட்டளையில் அதையும் அடுக்கிவிடலாம். அடுக்கினால் வரிக்கு வரி என் பெயராகிவிடும். நான் அதை இன்றுவரை செய்யவில்லை.

போன மாதம் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பெயர் கவிதா. செலாயாங்கிலிருந்து வருகிறாள், படிப்பு முடித்து முதல் வேலை. முதல் நாள் காலையில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"அக்கா, இங்க யாராச்சும் உக்கார்றாங்களா?"

அவள் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். இர்ஃபான் சொன்னதுபோல, வரிசையில் பின்னால் நிற்கிறவள்.

"இல்லம்மா. உக்காரு" என்று பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் இருந்த அலமாரியில் வைத்தேன்.

அவளுக்கு முதல் வேலையாக டெப்போ ஆப்பைப் படிக்கக் கொடுத்தேன். இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். உங்கள் திரையில் நீங்கள் வரைந்த அம்பை அழுத்திப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், அவர்கள் கையில் இருக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். பின்னால் போனவரைப் போனவராகக் கணக்கெடுக்காதீர்கள். அவருக்காக இடத்தை வைத்திருங்கள், ஆனால் அதற்கும் ஒரு முடிவு வையுங்கள். அந்த முடிவுக்கு முன் ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வராவிட்டால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள். அவர் எழுதியதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அவள் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர் மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, இங்க ஒரு கமெண்ட் இருக்கு. தமிழ்ல. 'இது பாட்டில் இல்ல, ஆளு'ன்னு. யாரோ வெளையாட்டுக்கு எழுதியிருக்காங்க போல. இந்த ஃபைல் வேற கோணல்மாணலா இருக்கு. அடுக்கிட்டு இந்தக் கமெண்ட்ட அழிச்சிடட்டுமா?"

"வேணாம்" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."